ஒரே ரூபாய், இரண்டு வரவு

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா சார்" என்றார் ஷோரூம் இளைஞர். "உங்களுக்குக் காசு மிச்சம். ஊருக்குக் காத்து சுத்தம்."

வெளியே நல்ல வெயில். உள்ளே ஏ.சி. கையில் இலவச காபி. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் எந்த வாக்கியமும் உண்மை மாதிரிதான் கேட்கும். நானும் தலையாட்டினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அந்த இரண்டாவது மாங்காய் உறுத்த ஆரம்பித்தது.

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் படிப்பு என்னை விட்டபாடில்லை. வந்த ரூபாய் ஒன்று என்றால் அதை ஓர் இடத்தில்தான் வரவு வைக்க வேண்டும். இரண்டு இடத்தில் வைத்தால் அதற்குப் பெயர் வேறு என்று எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் சொல்வார். பணம் மிச்சமாகும் என்பதற்காக ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதே காரியத்தைப் புண்ணியக் கணக்கிலும் வரவு வைத்துக்கொள்ளலாமா? சி.என்.ஜி. கார் வாங்கப் போன இடத்தில் இப்படி ஒரு சந்தேகம் வருவது வியாதிதான். ஆனாலும் வந்துவிட்டது.

முதலில், எனக்கு எதற்குக் கார்? நான் இருப்பது கள்ளிக்குப்பம். அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் இருக்கிறது. 2011-ல் அம்பத்தூர் நகராட்சியைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தபோது நாங்களும் சட்டப்படி சென்னைக்காரர்கள் ஆனோம். இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது தி.நகர் கிளம்பினால் "மெட்ராஸ் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆபீசுக்கு நான் அம்பத்தூர் ஸ்டேஷன் வரை பைக், அங்கிருந்து மின்சார ரயில். கார் இல்லாமலேயே நாற்பத்தேழு வயசு வரை ஓட்டியாயிற்று. பெருமையாகச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

இரண்டு வருஷம் முன்பு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் இழுக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபி, மாதம் ஒருமுறை டாக்டர். மடக்கும் வீல்சேர் ஒன்று வாங்கினோம். போன் செயலியில் டாக்சி கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தோம். வண்டி வரும். டிரைவர் இறங்குவார். சேரைப் பார்ப்பார். டிக்கியைத் திறந்து காட்டுவார். உள்ளே பெரிய சிலிண்டர் ஒன்று, திண்ணையில் படுத்த தாத்தா மாதிரி குறுக்கே படுத்திருக்கும்.

"கேஸ் வண்டிங்க. சேரு உள்ள போவாது."

அவர் மீது தப்பில்லை. முன் சீட்டில் சேர், பின் சீட்டில் அம்மாவும் என் மனைவியும், பின்னால் பைக்கில் நான் என்று எத்தனையோ நாள் ஊர்வலம் போயிருக்கிறோம். சேரை முன் சீட்டில் ஏற்ற மாட்டேன், சீட் கிழிந்துவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. அதையும் தப்பு சொல்ல முடியவில்லை. சீட் கிழிந்தால் அவர் பணம்.

ஆகவே கார். செடான்தான் வேண்டும், டிக்கி தனியாக இருக்கும் என்பதால். விலை கட்டுப்படியாக வேண்டும். அதற்கென்றே நம் நாட்டில் ஒரு ஜாதிக் கார் இருக்கிறது: நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன செடான். உலகத்தில் வேறெங்கும் இப்படி வாலை வெட்டிய செடான்களை இவ்வளவு பார்க்க முடியாது. காரணம் அழகு உணர்ச்சி இல்லை, வரி. 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் சின்னக் கார்களுக்கான எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன? நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது; பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.யைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான், கம்பெனிகள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டன. 2008-ல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம், டிக்கி 440 லிட்டர். 2012-ல் அதே பெயரில் வந்த வண்டி 3,995 மில்லிமீட்டர், டிக்கி 316 லிட்டர். நிதியமைச்சர் எழுதிய ஒரு வரி, நம் பெட்டி வைக்கும் இடத்தில் நூறு லிட்டருக்கு மேல் கத்தரித்துவிட்டது. அந்த நான்கு மீட்டர் கோடு இன்றும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22-ம் தேதி சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானபோதும் அளவுகோல் அதேதான்.

வரி வெட்டியது போக மிச்சம் இருந்த இடத்தில் சிலிண்டர் வந்து படுத்துக்கொண்டது. இதுதான் டிக்கியின் சரித்திரம்.

இனி கணக்கு. என் மனைவி கட்சி சி.என்.ஜி. "பெட்ரோல் போட்டுக் கட்டுபடியாகுமாங்க?" என்பது அவள் வாதம். நியாயமான வாதம். கம்பெனிகள் வெளியிட்ட எண்களையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2024 நவம்பரில் புது டிசையர் வந்தபோது, நடுத்தர மாடலில் பெட்ரோல் வண்டி எக்ஸ்-ஷோரூம் 7 லட்சத்து 79 ஆயிரம். அதே மாடல் சி.என்.ஜி. 8 லட்சத்து 74 ஆயிரம். வித்தியாசம் 95 ஆயிரம். ஜி.எஸ்.டி. குறைந்த பிறகு விலைகள் இறங்கின. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் மூடிவிடவில்லை. மைலேஜ், கம்பெனி கணக்கில், பெட்ரோல் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், கேஸ் கிலோவுக்கு 33.73. பெட்ரோல் 100 ரூபாய், கேஸ் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் மூன்று பைசா அங்கே, இரண்டு ரூபாய் அறுபத்தேழு பைசா இங்கே. மிச்சம் ஒரு ரூபாய் முப்பத்தாறு பைசா.

கூடுதலாகக் கொடுத்த 95 ஆயிரத்தை ஒரு ரூபாய் முப்பத்தாறு பைசாவாகத் திரும்ப எடுக்க எவ்வளவு ஓட்ட வேண்டும்? கிட்டத்தட்ட 70 ஆயிரம் கிலோமீட்டர்.

என் ஓட்டம் மாசத்துக்கு 500 கிலோமீட்டர் தேறினால் அதிகம். பிசியோதெரபி, டாக்டர், எப்போதாவது திருத்தணி, ஒரு கல்யாணம். அந்தக் கணக்கில் பதினோரு வருஷத்துக்கு மேல். "ஊருக்குள்ள எந்த வண்டி இருபத்தி நாலு குடுக்குது?" என்று கேட்பீர்கள். சரி, நெரிசலில் பெட்ரோலுக்கு 16, கேஸுக்கு 22 என்று போடுவோம். அப்போதும் 44 ஆயிரம் கிலோமீட்டர், ஏழு வருஷத்துக்கு மேல். இதில் வட்டியைச் சேர்க்கவில்லை. 95 ஆயிரத்தை ஏழு சதவீத டெபாசிட்டில் போட்டால் வருஷம் 6,650 ரூபாய் சும்மாவே வரும். கேஸில் நான் மிச்சம் பிடிப்பது, கம்பெனி மைலேஜ் கணக்கில், வருஷம் 8,160. ஆக நிகர லாபம் வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய். இதில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றிச் சோதனை செய்து சான்றிதழ் வாங்கும் செலவும் போக வேண்டும்.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி ஷோரூம் போனேன். இளைஞர் பார்த்தார். கெட்டிக்காரர். கண் இமைக்காமல் சொன்னார்:

"சார், லாபம் பாக்கணும்னா நீங்க இன்னும் நிறைய ஓட்டணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. காற்றைச் சுத்தமாக வைக்கப் பிறந்த வண்டியில் காசைத் திரும்பப் பெற ஒரே வழி, அதை அதிகமாக ஓட்டுவது. மூலைக்கடைக்கு நடந்து போகிறவன் காரில் போக வேண்டும். ரயிலில் ஆபீஸ் போகிறவன் பாடி மேம்பாலத்தில் நின்று புழுங்க வேண்டும். எல்லாம் சிக்கனத்துக்காக! நீராவி இயந்திரங்கள் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதும் இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடிற்று என்று 1865-லேயே எழுதினார் ஜெவன்ஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர். ஒரு பொருள் மலிவானால் நாம் மிச்சம் பிடிப்பதில்லை, இன்னும் கொஞ்சம் பரிமாறிக்கொள்கிறோம். பந்தியில் நடப்பதுதான்.

தாளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. என்னைப் போலக் குறைவாக ஓட்டுகிறவனுக்கு சி.என்.ஜி. என்பது சிக்கனமே இல்லை. அது நன்கொடை. பெட்ரோலைவிட கேஸில் புகைத் துகள் மிகக் குறைவு, கரியமிலவாயுவும் ஓரளவு குறைவு. (முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது. கேஸ் என்பது பெரும்பாலும் மீத்தேன். எரியாமல் கசிந்தால் கரியமிலவாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும்.) அந்தச் சின்ன நன்மைக்காக, திரும்பி வராது என்று தெரிந்தே 95 ஆயிரம் ரூபாயை எடுத்து வைப்பேனா? முதல் நாள் ஷோரூமில் தலையாட்டிய எனக்கு இப்போது தலை ஆடவில்லை.

நல்லது செய்வதும் லாபம் பார்ப்பதும் ஒன்றாக வரும்போது எது எது என்று தெரிவதில்லை. பிரிந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. இதைப் பற்றி இரண்டு வியாபாரக் கதைகள் உண்டு. முதலாவது ஜெர்மனியில். 1785-ல் இம்மானுவேல் கான்ட் எழுதிய அறவியல் புத்தகத்தில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்து கேட்டாலும் ஒரே விலைதான், ஏமாற்றுவதில்லை. நல்ல மனிதர்தானே? அவசரப்படாதே என்கிறார் கான்ட். ஏமாற்றினால் கடைப் பெயர் கெடும், வியாபாரம் படுக்கும் என்பதற்காக அவர் நேர்மையாக இருக்கலாம். காரியம் சரியானதுதான், ஆனால் அதில் அறத்தின் மதிப்பு இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கான்ட் கண்டிப்பான மனிதர். அவருக்கு ஒன்பது வருஷம் முன்பு, 1776-ல் ஆடம் ஸ்மித் சொன்னது நேர் எதிர்: இறைச்சிக் கடைக்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் நமக்குச் சாப்பாடு தருவது கருணையால் அல்ல, அவரவர் லாபத்தை நினைத்துத்தான். ஸ்மித் அதில் குறை ஒன்றும் காணவில்லை. பி.காம். மாணவர்களுக்கு ஸ்மித்தைச் சொல்லித் தந்தார்கள். கான்ட் சிலபஸில் இல்லை.

இரண்டாவது கதை நம்முடையது, மிகப் பழையது. புறநானூற்றில் 134-வது பாட்டு. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது, இந்தப் பிறவியில் கொடுத்தால் மறுபிறவியில் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிற வியாபாரி இல்லை அவன் என்கிறார். நல்லவர்கள் நடந்த வழி இது என்பதால் கொடுத்தானாம். அறத்தை விலைக்கு விற்கிற வணிகன் என்ற அர்த்தத்தில் ஒரு சொல்லே போட்டிருக்கிறார். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. ஆனால் அவர் திட்டுவது என்னைத்தான், சந்தேகமில்லை. நானாவது மறுபிறவி வரை காத்திருப்பேனா? ஏழு வருஷத்தில் திரும்பி வருமா என்றல்லவா பார்த்தேன்!

"மனசுல என்ன நினைச்சா என்ன? பின்னாடி பைக்ல வர்ற புள்ளையோட மூச்சுக்குள்ள போறது பொகையா இல்லையா, அதானே முக்கியம்?" என்றார் எங்கள் மாடி வீட்டுக்காரர். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சி.என்.ஜி. கார் வைத்திருக்கிறார். அவர் கேட்டதும் சரிதான். நுரையீரல் காரணம் கேட்பதில்லை. குழந்தைக்குச் சரியான சில்லறை கிடைத்தால் போதும், கடைக்காரர் மனசு எப்படிப் போனால் என்ன?

இந்தக் கேள்விக்குப் பதில் அவருடைய காரிலேயே இருந்தது. டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச். சி.என்.ஜி. கார் என்பது உண்மையில் இரட்டைக் கார். கேஸ் சிலிண்டரும் உண்டு, பெட்ரோல் டேங்கும் உண்டு. ஸ்விட்சை அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்று. கான்ட்டின் கடைக்காரர் கடையிலும் இப்படி ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, வெளியே தெரியாது, அவ்வளவுதான். நேர்மையில் லாபம் இருக்கும்வரை நேர்மை. லாபம் போனால்?

நடந்தும் இருக்கிறது. டில்லியில் 2021 மார்ச்சில் கேஸ் கிலோ 43 ரூபாய்ச் சொச்சம். உக்ரைன் போர் வந்தது, உலகச் சந்தையில் கேஸ் விலை எகிறியது, உள்நாட்டுக் கேஸுக்கு அரசு நிர்ணயிக்கும் விலையும் 2022 ஏப்ரலில் ஒரே தாவலாக இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த வருஷம் டிசம்பரில் டில்லியில் கிலோ 79 ரூபாய்ச் சொச்சம். அப்போது எத்தனை கை அந்த ஸ்விட்சுக்குப் போயிருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. என் கை போயிருக்கும். அதனால்தான் காரணம் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்குச் செய்த காரியத்தை நிறுக்க அது உதவாமல் இருக்கலாம். நாளைக்கு விலை மாறினாலும் இந்த ஆள் இதையே செய்வானா என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

மாடி வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கேஸ் போடக் கூட்டிக்கொண்டு போனார். பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நல்ல எண்ணம்தான். பங்க் வாசல் தாண்டி ரோடு வரை வரிசை. ஆட்டோக்கள், மஞ்சள் நம்பர் பலகை போட்ட வெள்ளை செடான்கள், நடுநடுவே எங்களைப் போல வெள்ளை நம்பர் பலகைக்காரர்கள். கேஸ் போடுவது பெட்ரோல் போடுவது மாதிரி இல்லை. வண்டியில் இருக்கும் எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். சிலிண்டரில் 200 பார் அழுத்தம்; கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு. வரிசையாக வண்டிகள் ஏற்றிக்கொண்டே இருந்தால் பங்க்கில் அழுத்தம் இறங்கிவிடும். "பிரஷர் இல்ல" என்பார்கள். அப்புறம் மெதுவாகத்தான் ஏறும், அதுவும் முழுசாக நிரம்பாது. குழாய் வராத பங்க் என்றால் லாரியில் சிலிண்டர் அடுக்கு வர வேண்டும். அதுவரை எல்லோரும் செல்போன்.

எங்களுக்குப் பின்னால் நின்ற டாக்சிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். காலையிலிருந்து இது இரண்டாவது தடவையாம்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ ஓட்டுவீங்க?"

"இருநூறு கிலோமீட்டர் ஓடும் சார். இங்க நிக்கற நேரத்துல ஒரு டிரிப் போச்சு. இன்னா பண்றது?"

மனசுக்குள் கால்குலேட்டர் ஓடியது. மாசம் இருபத்தைந்து நாள், ஐயாயிரம் கிலோமீட்டர். என்னுடைய ஒரு ரூபாய் முப்பத்தாறு பைசா அவர் கையில் 6,800 ரூபாய். பதினாலு மாசத்தில் போட்டதை எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அது பிள்ளைகள் ஸ்கூல் பீஸ். இந்த வண்டியும் இந்த எரிபொருளும் யாருக்காக அர்த்தமுள்ளவையோ, அந்த மனிதர் எனக்குப் பின்னால் நிற்கிறார். நான் அங்கே நிற்பதால் எனக்குக் கிடைக்கப்போவது வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. அவர் இழப்பது பத்து நிமிஷம். என்னைப் போல ஆறு பேர் முன்னால் நின்றால் ஒரு மணி நேரம்.

வரிசை என்றால் வரிசைதான், முதலில் வந்தவர் முதலில், இதில் என்ன அநியாயம் என்று மாடி வீட்டுக்காரர் கேட்டார். சட்டப்படி ஒன்றுமில்லை. ஆனால் டில்லியின் கதை நினைவுக்கு வந்தது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலை 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுதான் இந்தியாவில் சி.என்.ஜி.யைத் தெருவுக்குக் கொண்டு வந்தது. 2001 மார்ச் 31-க்குள் டில்லியின் பஸ்கள் எல்லாம் கேஸுக்கு மாற வேண்டும், 1990-க்கு முந்தைய ஆட்டோ, டாக்சிகளுக்குப் பதிலாகச் சுத்த எரிபொருளில் ஓடும் புது வண்டிகள் வர வேண்டும் என்றது உத்தரவு. கெடு தள்ளிப்போய், 2002 கடைசியில்தான் நகரத்து டீசல் பஸ்கள் ஒழிந்தன. நடுவில் ஆட்டோக்காரர்கள் கேஸுக்காக ராத்திரி முழுக்க வரிசையில் தூங்கினார்கள். சொந்தக் கார் வைத்திருந்தவர்களை மட்டும் அந்த உத்தரவு மாறச் சொல்லவில்லை. ஊரின் காற்றுக்காக முதலில் விலை கொடுத்தது பஸ்ஸில் போனவர்களும் ஆட்டோ ஓட்டியவர்களும். எல்லாம் சரியாகி, பங்க் வந்து, மலிவு என்று தெரிந்த பிறகு நாம் காரைக் கொண்டுபோய் அதே வரிசையில் நிறுத்துகிறோம். கேட்டால் சுற்றுச்சூழல் என்கிறோம்.

அம்மா இத்தனை நாள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் கார்ப் பேச்சு நடக்கும்போதெல்லாம் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீல்சேரை மடக்கிக் கூடத்தில் படுக்க வைத்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஷோரூமில் பார்த்த கேஸ் வண்டியின் டிக்கி அளவு பக்கத்தில் இருந்தது. சேர் போகாது. எப்படிச் சாய்த்தாலும் போகாது.

"எதுக்குடா இவ்ளோ கஷ்டப்படறே?" என்றாள் அம்மா. "கேஸ் வண்டியே வாங்கு. காசு மிச்சமாவும்னு அவளும் சொல்றா. சேரை வீட்டுலயே வெச்சுட்டுப் போலாம். நான் புடிச்சுக்கிட்டு நடந்துக்கறேன்."

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பிசியோதெரபி அறை வரை நூறடி இருக்கும். அதை அவள் நடக்க இருபது நிமிஷம் ஆகும். போன மாசம் அப்படித்தான் ஒரு நாள் சேர் இல்லாமல் போய், பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் முப்பத்தாறு பைசா. அதை நான் மிச்சம் பிடிக்க அவள் நடப்பாள். மாடி வீட்டுக்காரர் கணக்கில் காற்றும் சுத்தம். இந்தப் பேரேட்டில் அம்மாவின் நூறடியை எந்தப் பக்கம் எழுதுவது?

டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் போடுவீர்கள். டிக்கியைத் தின்னாத கேஸ் செடானும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் டாடா கம்பெனி டிகோரில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கியின் தரைக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தது. புத்திசாலித்தனமான வேலை. நிறைய ஓட்டுகிறவர், வீட்டில் வீல்சேரும் இருக்கிறது என்றால் போய்ப் பார்க்கலாம். என் சேர் பிரச்னையை அது தீர்த்திருக்கலாம். என் 500 கிலோமீட்டரை அதனால் என்ன செய்ய முடியும்? எலெக்ட்ரிக் கார் என்றால் பட்ஜெட் தாங்காது. எங்கள் வீட்டில் காரைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும், முதல் மாடி ஜன்னலிலிருந்து ஒயர் தொங்கவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போடுவார்.

கடைசியாக மனைவியிடம் நேராகவே கேட்டேன். "இது மிச்சம் இல்லை. தானம். காத்துக்காகத் தொண்ணூத்தஞ்சாயிரம் குடுக்கலாமா? திரும்பி வராது. யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "காத்துக்குக் குடுக்கறதா இருந்தா, வாரத்துக்கு ரெண்டு நாள் ஓடுற கார்ல ஏங்க போடணும்? தினம் ரெண்டு வேளை பொகை விட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறீங்களே, உங்க பைக்கு, அதை எடுத்துட்டு அந்தக் காசுல ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்குங்க."

பி.ஏ. தமிழ் படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினால் மாசம் பெட்ரோல் காசு மிச்சமாகுமே, அப்போது அதுவும் புண்ணியத்தில் சேராதே என்று வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் கான்ட், முடமோசியார் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஸ்கூட்டர் இன்னும் வாங்கவில்லை. போனஸ் வரட்டும்.

கார், பெட்ரோல் காராகத்தான் வாங்கினேன். அந்த 95 ஆயிரத்தைக் காற்றுக்காகக் கொடுக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை என்பது எழுத்துமூலம் நிரூபணம் ஆகிவிட்டது. ஷோரூம் இளைஞர் சாவியைக் கொடுக்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார்: "கேஸ் எடுத்திருந்தா எதிர்காலத்துக்கு நல்லா இருந்திருக்கும் சார்." யார் எதிர்காலத்துக்கு என்று நான் கேட்கவில்லை. எலுமிச்சம்பழத்தில் ஏற்றி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். சேரை மடக்கி உள்ளே வைத்துக் காட்டினேன். பக்கத்தில் ஒரு தண்ணீர் கேன் வைக்க இடம் இருந்தது.

வண்டி வந்து இரண்டு மாசம் ஆகிறது. நேற்று பார்த்தேன். ஓடோமீட்டரில் 840 கிலோமீட்டர். கேஸ் வண்டி எடுத்திருந்தால் போட்ட காசை எடுக்க இன்னும் 69 ஆயிரத்து 160 கிலோமீட்டர் பாக்கி. அம்மாவுக்கு அடுத்த பிசியோதெரபி வியாழக்கிழமை.